பூசணிக்காய் பார்த்த வேலை

கோவில்பட்டியில் தங்கப்பழம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்காய்தான் அடையாளம். கடைகளுக்கு ஃபோனில் விளம்பரம் போட்டுத் தரும் கம்பெனியில் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த முத்துக்கனி, முதல் ஆர்டருக்கே அவரிடம் போய் மாட்டினாள்.

“கடையில கூட்டம் அலைமோதணும். ஆனா ஒருத்தர் கண்ணும் கடை மேல படக்கூடாது. முடியுமா உன்னால?” என்று மீசையைத் தடவினார் அண்ணாச்சி.

முத்துக்கனி ஆளில்லாமல் ஈயோட்டும் கடையைப் பார்த்தாள். பூசணிக்காயைப் பார்த்தாள்.

“ரெண்டாவது வேலையை உங்க பூசணிக்காயே முடிச்சிருச்சு அண்ணாச்சி. நான் வந்ததுலேர்ந்து தெருவுல போற ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பல. முதல் வேலையை மட்டும் எனக்குக் குடுங்க.”

கல்லாவே குலுங்கச் சிரித்தார் அண்ணாச்சி. “எடும்மா போட்டோவை” என்று வாசலுக்கு வந்தவர், பூசணிக்காயை நிமிர்ந்து பார்த்தார்.

“ரொம்பத்தான் உழைச்சிட்டே. கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோ” என்று கயிற்றை அவிழ்த்தார்.