குச்சி அளவுக் கட்டில்

சீனித்தாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மாமியார் வள்ளித்தாய் வழக்கம்போல எதிரே வந்து உட்கார்ந்து, "ஊர்ல எல்லா மருமகளும் சீரோட கட்டில் கொண்டாந்தா. எனக்கு வாய்ச்சவ கையை வீசிக்கிட்டு வந்தா" என்றாள். இரண்டு வருஷமாகக் கேட்கிற பேச்சுதான். இருந்தாலும் மனசு கலங்கிப்போய், சீனித்தாய் கீரையைக் குப்பையில் போட்டுக் காம்பைச் சட்டியில் போட்டாள். மத்தியானம் சாப்பிட்டவர்கள் கீரை ருசியாக இருக்கிறது என்றார்கள். வெள்ளந்திப்பட்டி என்றால் அப்படித்தான்.

அவள் பிள்ளைக்கு அடுத்த மாசம் காதுகுத்து. சொந்தபந்தம் மொத்தமும் வரும். அத்தனை பேர் முன்னாலும் அத்தை இதையே சொல்லிக் காட்டினால் முகத்தை எங்கே வைப்பது? அதற்குள் தன் கையாலேயே ஒரு கட்டில் செய்து முற்றத்தில் போட்டுவிட வேண்டும். பஞ்சாயத்துக் கட்டடத்தில் அப்போதுதான் மரவேலைப் பயிற்சி ஆரம்பித்திருந்தார்கள். போய்ச் சேர்ந்தாள். மாமனாரின் தம்பி கொம்பையாவும் பக்கத்து வீட்டுத் தவமணியும் துணைக்குச் சேர்ந்தார்கள்.

முதல் நாள் மாஸ்டர், "மரத்தோட நல்லாப் பழகுங்க. அப்பத்தான் அது நம்ம சொல் கேக்கும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

கொம்பையா ஒரு பலகைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று விசாரித்தார்.

"பேச மாட்டேங்குதே, சின்ன மாமா" என்றாள் சீனித்தாய்.

"புது இடம்மா. கூச்சமா இருக்கும். கலியாணமான புதுசுல நீ மட்டும் பேசினியா?"

"அது தேக்கு. மலையாளத்துப் பக்கமிருந்து வந்திருக்கும். தமிழ் தெரியாதோ என்னமோ" என்றாள் தவமணி.

மூன்று நாள் பழகியும் அது வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் மாஸ்டர் ரம்பத்தைக் கொடுத்து, "போட்ட கோட்டைத் தவிர வேற எதையும் பாக்கக் கூடாது" என்றார். கொம்பையா கோட்டை மட்டுமே பார்த்தார். பலகை இரண்டானது. அதற்குக் கீழே இருந்த மேசையும் இரண்டானது.

"யோவ், மேசைய்யா!" என்று மாஸ்டர் அலறினார்.

"அதைத்தான் பாக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே" என்றார் கொம்பையா.

காதுகுத்துக்கு நாலு நாள் இருந்தபோது, மாஸ்டர் ஆறடிக் குச்சி ஒன்றைக் கொடுத்தார். "கட்டிலோட நீளச் சட்டம் ரெண்டும் இந்தக் குச்சி அளவு. குறுக்குச் சட்டமும் காலும் அதுல பாதி. ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் கட்டில் நிக்காது. ஊருக்குப் போயிட்டு ரெண்டு நாள்ல வந்துடுறேன்."

முதல் சட்டத்தை அறுத்தார்கள். குச்சியைவிட நாலு விரல் குறைந்துபோயிற்று. சீனித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதே. யோசிப்போம்" என்றார் கொம்பையா. மூன்று பேரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"மரம் நாலு விரல் வளர எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டாள் தவமணி.

"அஞ்சாறு வருஷமாவது ஆகும்" என்றார் கொம்பையா.

"குச்சியை நாலு விரல் அறுக்க?"

"ஒரு நிமிஷம்."

குச்சியை அறுத்தார்கள். மயிரிழை வித்தியாசம் இல்லை. அடுத்த சட்டத்தைப் புதுக் குச்சிக்கு அளந்து அறுத்தார்கள். அது குச்சியைவிட நாலு விரல் குறைந்தது. மறுபடி குச்சியை அறுத்தார்கள். இப்போது பழைய சட்டம் நீளமாகத் தெரிந்தது. அதை அறுத்தார்கள். அது குறைந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் இரண்டு சட்டமும் குச்சியும் ஒன்றுக்கொன்று கனகச்சிதமாகப் பொருந்தி நின்றபோது, தவமணி கை தட்டினாள். குறுக்குச் சட்டத்தையும் காலையும் அதில் பாதிக்கு அறுத்துக் கட்டிலை மாட்டினார்கள்.

மாஸ்டர் வந்து பார்த்தார். கட்டில் தலையணை அளவு இருந்தது.

"என் குச்சி எங்கே?"

சீனித்தாய் பணிவாக எடுத்துக் கொடுத்தாள். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட இருந்தது.

"இதுவா என் குச்சி?"

"மீதியெல்லாம் அந்த மூலையில பத்திரமா இருக்கு, மாஸ்டர். ஒண்ணையும் தொலைக்கலை."

மாஸ்டர் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

காதுகுத்து அன்று, முற்றத்தில் கட்டிலுக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். வள்ளித்தாய் இடுப்பில் கை வைத்தாள். "இதுல நான் எப்படிடி படுக்கிறது?"

சீனித்தாய் கொம்பையாவைத் திரும்பிப் பார்த்தாள். கொம்பையா குச்சியோடு முன்னால் வந்தார். கட்டிலை அளந்தார், சரியாக இருந்தது. அண்ணியைக் குதிகாலிலிருந்து உச்சி வரை அளந்தார்.

"கட்டில்ல குத்தமே இல்ல, மதினி. நீங்கதான் மூணு குச்சி இருக்கீங்க."

வள்ளித்தாய் விரல் விட்டு எண்ணினாள். பிறகு நெஞ்சை நிமிர்த்தி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டீங்களா? உங்க மருமகளுக எல்லாம் ஆளுக்கு ஒரு கட்டில்தான் கொண்டாந்தாளுக. என் ஒருத்திக்கு மூணு கட்டில்! எங்கடி மத்த ரெண்டு?"

சீனித்தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இது தலைக்கு, அத்தை. உடம்புக்கும் காலுக்கும் அடுத்த மாசம் செஞ்சிடுறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் தலை மட்டும் படுத்துத் தூங்கட்டும், அத்தை. உடம்பும் காலும் கொஞ்ச நாளைக்கு அப்படியே நின்னுக்கிட்டு..."

வாசலிலிருந்து தவமணி கூவினாள்: "சீனித்தாயீ! காது குத்தப் பத்தர் வந்துட்டாரு, பிள்ளையத் தூக்கிட்டு வா!"