உப்பில் முக்கிய கம்பி

மாணவருக்கு ஐம்பத்தொரு வயது, ஆசிரியைக்கு நாற்பத்து நான்கு. கடலோர மின் நிலையத்தில் இருபது வருஷம் டர்பைன் பார்த்த தேவசகாயம், பௌசியா மேடத்திடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஏழு வருஷமாகிவிட்டது. வீட்டில் கேலி பேசியே ஓய்ந்துபோனார்கள்.

ஒருவழியாக அவருடைய நிக்கல் உலோகக் கலவை கைகூடியது. குரோமியத்தைப் பாதியாகக் குறைத்து, அலுமினியத்தையும் டங்ஸ்டனையும் கூட்டினார். பழைய கலவை எழுநூறு மணி நேரத்தில் அறுந்துபோன அதே சூட்டில், அதே பாரத்தில், இது ஆயிரத்து நூறு மணி நேரம் தாங்கியது. டர்பைன் செய்யும் கம்பெனிக்காரர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இதில் டர்பைன் தகடு செய்து, அவர் வேலை பார்த்த மின் நிலையத்திலேயே மாட்டப் போகிறார்களாம்.

தேவசகாயம் மேடத்திடம் கையெழுத்துக்காக ஆய்வேட்டை நீட்டினார்.

"இத்தனை நாளா குரோமியத்த ஏன் சார் யாரும் குறைக்கல?" என்றார் மேடம்.

"உப்புக் காத்துல அரிக்காம இருக்கத்தான். ஆனா என் சோதனை எல்லாம் சுத்தமான காத்துல, மேடம். அப்படித்தான் எழுதியும் இருக்கேன்."

மேடம் எழுந்தார். அவருடைய கலவையில் விரல் நீளக் கம்பி ஒன்றை எடுத்து, உப்புக் கரைசலில் முக்கி, உலர்த்தி, தொள்ளாயிரம் டிகிரி உலையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வாங்க."

தேவசகாயத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வருஷம் போதாதா இந்த அம்மாவுக்கு?

வெள்ளிக்கிழமை கம்பி வெளியே வந்தது. தேவசகாயம் நகத்தால் சுரண்டினார். பச்சையும் கறுப்புமாகப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தடிமனில் கால்வாசியைக் காணோம். சுற்றுகிற டர்பைனில் இப்படி மெலிந்த தகடு உடைந்து தெறித்தால் பக்கத்தில் நிற்பவர் தப்ப மாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

"பரீட்சைக்கு வர்றவங்க இதக் கேப்பாங்களா மேடம்?"

"கேக்க மாட்டாங்க."

"ஆய்வேட்டுல பொய் ஒண்ணும் இல்லயே?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஏழு வருஷம் காத்திருந்து வாங்கிய கையெழுத்து. சந்தோஷம்தான் வரவில்லை.

பையில் இன்னொரு தாள் இருந்தது, கம்பெனி கேட்ட சான்று. 'கடலோர மின் நிலையத்துக்கு ஏற்றது' என்று அச்சடித்து, கீழே ஆசிரியரோ ஆய்வாளரோ ஒருவர் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள். அது போகாவிட்டால் கம்பெனி தருவதாகச் சொன்ன ஆலோசகர் வேலையும் போகும். தேவசகாயம் அதை மேசைமேல் வைத்தார்.

"இதுலயும் நீங்களே போட்டுடுங்க மேடம்" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

மேடம் பேனாவை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"அங்க வேல பாக்குற ஒருத்தரையும் எனக்குத் தெரியாது சார். நான் போட்டா கை நடுங்காது. உங்களுக்கு எல்லாரையும் பேர் பேராத் தெரியும். நீங்க போடுங்க."