தாசையனுக்கு வாய்த்த மூன்றாவது ஆள்

"ஆளே சரியில்ல டீச்சரே," என்றார் தாசையன். "கடைய மூடிரலாம்னு இருக்கேன்."

தாசையன் மார்த்தாண்டத்துக்காரர். தேனீ வளர்த்து, தேனை ஆன்லைனில் விற்பவர். எல்லாமே தனி ஆளாக. அந்த வியாபாரத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் தக்கலை ரிஸ்வானா. வயதில் இளையவர்தான். ஆனாலும் தாசையனுக்கு டீச்சர்.

தேனீப் பெட்டியைத் திறந்தால் போன் அடிக்கும். போனை எடுத்தால் தேனீ கொட்டும். அதனால் ஆர்டர் எடுக்க, பதில் போட ஒரு வர்ச்சுவல் அசிஸ்டென்ட் வைத்தார். வெளியூரில் தன் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் ஆள்.

இரண்டு பேர் வந்தார்கள், போனார்கள். மூன்றாவது, ராஜபாளையத்துக் கார்த்தீஸ்வரி. அவளும் நேற்று, "சார், எனக்குச் சரிவராது" என்றுவிட்டாள்.

"ஒண்ணு சொன்னா வேற ஒண்ணச் செய்யுது. நான் என்ன செய்ய?"

ரிஸ்வானா, தன் வீட்டுக்கு அவர் கொண்டுவந்திருந்த தேன் பாட்டிலையும் அட்டைப்பெட்டியையும் வாங்கிக்கொண்டு உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணே, இப்ப நான்தான் கார்த்தீஸ்வரி, ராஜபாளையத்துல இருக்கேன். இத எப்படிப் பேக் பண்ணணும்? சொல்லுங்க."

"அதை எடுத்துச் சுத்தி, வழக்கம்போல உள்ள வையுங்க."

"எதை எடுத்து? எதால சுத்தி?"

"அங்கதான் பேப்பர் கிடக்கே!"

"நிறைய கிடக்கு. எது?"

தாசையனுக்குச் சுள்ளென்று வந்தது. "கதவத் திறங்க டீச்சரே, ஒரு நிமிஷத்துல காட்டித் தாறேன்."

"ராஜபாளையத்துக்குக் கதவு கிடையாது அண்ணே."

அவர் கை தாழ்ப்பாளில் அப்படியே நின்றது.

பிறகு கதவோரம் தரையில் உட்கார்ந்தார். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மெதுவாக.

கதவு திறந்தபோது பெட்டி தயாராக இருந்தது. குலுக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை. பெட்டியைத் திறந்தார்.

"ஆனா, பாட்டில தலைகீழா வச்சிருக்கீங்களே."

"நீங்க சொல்லலையே."

தாசையன் சிரித்துவிட்டார். வாசலுக்கு வந்ததும் போனை எடுத்தார்.

"கார்த்தீஸ்வரி, கோவிச்சுக்காத பிள்ள. தப்பு எம்மேல. இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாரு."

அன்று முதல் அவர் வெறும் உத்தரவு போடவில்லை, பேசினார். எந்தப் பூவுக்கு எந்த நிறத் தேன், குளிரில் ஏன் உறையும், உறைந்தால் என்ன செய்ய வேண்டும், எந்த மாதிரி ஆளுக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும், எல்லாம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் ஒருமுறைகூட எரிந்து விழவில்லை.

தேன் சீசன் வந்தது. தாசையன் தேன் எடுக்க மலைமேல் ரப்பர் எஸ்டேட்டுக்குள் போனார். அங்கே சிக்னல் கிடையாது.

சாயங்காலம் மலையிறங்கியதும் போன் விடாமல் அதிர்ந்தது. திறந்தால் ஒரு வீடியோ. அவரிடம் தேன் வாங்கிய குன்னூர்க்காரர் ஒருவர் பாட்டிலைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "அடியில பாருங்க, அத்தனையும் சீனி! ஏமாத்து வேலை!" பார்த்தவர்கள் எல்லாம் திட்டித் தீர்த்திருந்தார்கள்.

தாசையன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குக் கீழே இன்னொரு வீடியோ. அதே மனிதர். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது.

"கடையிலேர்ந்து கார்த்தீஸ்வரின்னு ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. நான் திட்டத் திட்டப் பொறுமையா கேட்டுச்சு. சீனி இல்ல சார், குளிருக்குத் தேன் உறைஞ்சிருக்கு, வெந்நீர்ல வையுங்கன்னுச்சு. வச்சேன். நீங்களே பாருங்க."

பாட்டிலில் தேன் இளகிப் பொன்னாக ஓடியது.

"அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க. எனக்கு இன்னும் ரெண்டு பாட்டில் வேணும்."

அதன் கீழே ஆர்டர்கள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. அத்தனைக்கும் கார்த்தீஸ்வரி பதில் போட்டிருந்தாள்.

தாசையன் ரிஸ்வானாவைக் கூப்பிட்டார்.

"டீச்சரே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எல்லாத்தையும் அவளே முடிச்சிட்டா!"

"சந்தோஷம்தானே அண்ணே?"

"சந்தோஷம்தான். ஆனா, இனி என் கடையில எனக்கு என்ன வேலை?"

"தேன் தீந்திருக்குமே," என்றார் ரிஸ்வானா. "போய் எடுங்க."