டாக்டர் நாக்காய் சொன்ன சொல்

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையே, தம்பி. உள்ளதைத்தானே சொன்னேன்?"

கேட்டவர் டாக்டர் எல்ராய் நாக்காய். இருதய அறுவை மருத்துவர். வயது ஐம்பத்தெட்டு.

பதில் சொல்ல வேண்டியவர் பாடகர் லொரென்ஸோ பிட்சூயி. அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.

அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களிடம் பாடகர் என்றால் கச்சேரி செய்கிறவர் அல்ல. நோயாளியை நடுவில் உட்கார்த்தி, நாள்கணக்கில் பாடி, வண்ண மணலால் தரையில் சித்திரம் இட்டுக் குணமாக்குகிறவர். பாட்டில் ஒரு வரி தப்பினால் அது பாடியவர் தலையில்தான் விடியும். லேசான வேலை இல்லை.

நரைத்த டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாடகர் குனிந்து பேருந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் தாய்வழிக் குலம் ஒன்று. அதனால் அன்றுதான் முதன்முறை சந்தித்தாலும் அண்ணன் தம்பி.

"யார்கிட்ட என்ன சொன்னீங்க அண்ணா? முதல்லேர்ந்து சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். டெல்லா எட்சிட்டி, அறுபத்து நான்கு வயது. பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஆடு வளர்க்கிறவர். இதயத்து வால்வு சுருங்கிவிட்டது. இந்த மாதத்துக்குள் மாற்றினால் பிழைப்பார். மாற்றாவிட்டால் கோடையைப் பார்க்க மாட்டார்.

"அறுவை சிகிச்சையில என்ன ஆபத்துன்னு முன்கூட்டியே சொல்லணும். சட்டம் அது. இருபது பேர்ல ஒருத்தர் மேசையிலேயே போயிடலாம், நீங்களும் போயிடலாம்னு சொன்னேன். எழுந்து போனவங்கதான். திரும்பி வரலை."

"எந்த பாஷையில சொன்னீங்க?"

"நம்ம பாஷையிலதான்."

பாடகர் நிமிர்ந்தார்.

டாக்டர் வளர்ந்தது நகரத்தில். தாய்மொழி அவருக்குப் பாதிதான் வரும். ஐம்பது வயதுக்கு மேல் ராப்பகலாகப் படித்துத் தேற்றிக்கொண்டார். டெல்லாவிடம் அதில் பேசியது மரியாதைக்காக. கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

"இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்றதுன்னு விட்டிருப்பாங்க" என்றார் பாடகர். "நம்ம பாஷையில சொல்ற சொல் போய் வேலை செய்யும். அது இப்ப அவங்க மேல இருக்கு."

"நான் எதையும் ஏவி விடலை தம்பி. நான் மருத்துவன்."

"ஆபரேஷனுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"கை கழுவுவேன்."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம். நகக்கண் விடாம."

"வாயை?"

டாக்டர் கட்டிய கையை அவிழ்த்தார்.

"நீ சொன்னா அவங்க கேட்பாங்க. ஒத்துக்கச் சொல்லேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நாள் போயிட்டிருக்கு."

"ஒத்துக்கச் சொல்றது என் வேலை இல்லை. மேல இருக்கிறதை எடுக்கிறது என் வேலை. அவங்க வீட்டுல என்னைக் கூப்பிட்டிருக்காங்க. பாட்டுக்குச் சனிக்கிழமை கடைசி நாள். வாங்க."

"நான் எதுக்கு?"

"வச்ச ஆள் இல்லாம எப்படி எடுக்கிறது?"

சனிக்கிழமை காலையில் டாக்டர் போய்ச் சேர்ந்தார். கிழக்கே வாசல் வைத்த, எட்டுப் பக்கச் சுவர் கொண்ட மர வீடு. ஹோகன் என்பார்கள். உள்ளே டெல்லாவின் உறவினர் இருபத்தைந்து பேருக்கு மேல். அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவ்வளவு கோபத்தை டாக்டர் எதிர்பார்க்கவில்லை. போய்விடலாமா என்று நினைத்தார். ஒரு பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

பாடகரும் மூன்று பேரும் விரலிடுக்கில் மணலைக் கசியவிட்டுத் தரையில் உருவங்களை இட்டார்கள். மணி பத்திலிருந்து மூன்று வரை. அவை என்ன உருவங்கள், என்ன பாட்டு என்பதெல்லாம் வெளியே சொல்லும் சங்கதி அல்ல, நானும் சொல்லப்போவதில்லை.

முடிந்ததும் டெல்லாவை அந்தச் சித்திரத்தின் மேலேயே உட்கார வைத்தார்கள். பாடகர் பாடிக்கொண்டே உருவத்தின் பாதத்து மணலை எடுத்து டெல்லாவின் பாதத்தில் வைத்தார். மார்பு மணலை மார்பில் வைத்தார்.

பிறகு வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். மிச்ச மணலை அள்ளிக்கொண்டு டாக்டரிடம் வந்தார்.

"கையை நீட்டுங்க அண்ணா."

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே."

"இந்தக் கைதானே அவங்க நெஞ்சுக்குள்ள போகப்போகுது?"

டாக்டர் நீட்டினார். உள்ளங்கையில் மணல் விழுந்தது. அறுவை அறையில் உறை இல்லாமல் ஒருநாளும் நீளாத கை. எல்லாரும் பார்த்தார்கள். டெல்லாவும் இப்போது திரும்பிப் பார்த்தார்.

பாட்டு முடிந்தது. ஐந்து மணி நேர உழைப்பை ஐந்து நிமிடத்தில் கலைத்து, மணலைக் கம்பளியில் கட்டி வெளியே கொண்டுபோனார்கள். தரை வெறுமையாக இருந்தது.

"சொன்ன சொல்லை எடுத்தாச்சு" என்றார் பாடகர். "அந்த இடம் காலியா இருக்கு. அதே பாஷையில வேற ஒண்ணு சொல்லுங்க."

"என்ன சொல்ல? நல்லபடியா முடியும்னா? சத்தியம் பண்ண முடியாது தம்பி. எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சதை அன்னைக்கே சொல்லிட்டீங்க. அவங்களுக்கு என்ன நடக்கணும்? உங்க ஆசையைக் கேக்கறேன்."

முப்பது வருடத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. எத்தனை சதவீதம், எத்தனை நாள், எத்தனை தையல் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. ஆசையை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, மறுநாள் அந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அவருக்கு. சொல்லாமலே விட்டதில் பழகிப்போன பயம்.

வார்த்தை அகப்படவில்லை. ஒன்றை எடுத்தார், தப்பு. இன்னொன்றை எடுத்தார். உறவினர் யாரும் சிரிக்கவில்லை, எடுத்துக் கொடுக்கவும் இல்லை. காத்திருந்தார்கள்.

"அக்கா" என்றார் கடைசியில். "கோடை வெயில்ல நீங்க ஆட்டுக்குட்டிங்க பின்னாடி... உங்க கால்லயே நடந்து போகணும். அதை நான் பார்க்கணும்."

கண் நிறைந்துவிட்டது. கையில் மணல் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

டெல்லா அவரை வெகுநேரம் பார்த்தார்.

"எந்தக் கிழமை வரணும்?" என்று கேட்டார்.