கைதட்டிப் போட்ட பந்தல்

மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிற நாலு பேர், ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். அங்குராசு, சோணைமுத்து, வீரணன், மலையாண்டி. அவர்களுடைய முதலாளி, பந்தல் போடுகிற சேவுகப்பெருமாள். பாவம், நல்ல மனுஷன்.

அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தி கறாரான ஆள். "நீங்க போட்ட பந்தல் விழுந்த கதையெல்லாம் கேட்டிருக்கேன். தாலி ஏறுறதுக்கு முன்னாடி பந்தல் சாஞ்சா, மாப்பிள்ளையோட கிளம்பிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

சேவுகப்பெருமாள், ஆட்களை உற்சாகப்படுத்தி வேலை வாங்குவது எப்படி என்று டவுனில் நடந்த பயிற்சிக்குப் போனார். வந்ததும் நாலு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்:

"எதுன்னாலும் எல்லாரும் சேர்ந்தே செய்யணும். குழுவுல ஒருத்தனையும் தனியா விடக் கூடாது. எவன் நல்லா முடிச்சுப் போட்டாலும் மத்தவங்க உடனே கைதட்டணும். அப்பத்தான் தெம்பு வரும்."

கல்யாணத்துக்கு முதல் நாள் வீரணனுக்குப் பல்வலி. நாலு பேரும் பல் டாக்டரிடம் போய் வரிசையாக வாயைத் திறந்து காட்டினார்கள். ஆகவே கல்யாணத்தன்று காலையில்தான் பந்தல் வேலை தொடங்கியது.

மூன்று பேர் மூங்கில்களைப் பிடித்துக்கொள்ள, அங்குராசு ஏணியில் ஏறி ஒரு முடிச்சுப் போட்டான். நல்ல முடிச்சு. மூன்று பேரும் கைதட்டினார்கள். மூங்கில், ஏணி, அங்குராசு எல்லாம் சேர்ந்தே கீழே வந்தன.

"அடி பலமாண்ணே?"

"அடி கெடக்குது. நீங்க தட்டுனது என்னா தெம்பா இருந்துச்சு!"

இப்படி ஏழு தடவை தெம்பு வந்தது.

"குழி தோண்டி நட்டா விழாதுண்ணே. கடப்பாரை என் வீட்டுல இருக்கு" என்றான் மலையாண்டி.

"போய் எடுத்துட்டு வா."

"தனியாவா?"

நாலு பேரும் போனார்கள். மற்றவன் எடுத்திருப்பான் என்று ஒவ்வொருவனும் நினைத்ததால், நாலு பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

சோணைமுத்து வெகுநேரம் யோசித்தான். "நல்ல முடிச்சுக்குத்தானே கைதட்டணும்? நாம கேவலமாப் போடுவோம்."

அப்படியே போட்டார்கள். கைதட்டவும் இல்லை, பந்தலும் விழவில்லை. ஆளுக்கு ஒரு மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாலு மூலையிலும் நின்றார்கள்.

சம்பந்தி வந்து அண்ணாந்து பார்த்தார். "இவங்க ஏன் இப்படி நிக்கிறாங்க?"

"பந்தல் மேல அம்புட்டுப் பிரியம்" என்றார் சேவுகப்பெருமாள், வியர்வையைத் துடைத்தபடி.

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் நிதானமாக, இறுக்கிப் போட்டார்.

வீரணன் எட்டிப் பார்த்தான். "அடேயப்பா, என்னா முடிச்சுடா!"

நாலு பேரும் கைதட்டினார்கள்.

சரிந்த பந்தல் துணிக்கு அடியில் ஊரே தவழ்ந்தது. சம்பந்தி தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்தார், தாலி ஏறிவிட்டதை நினைத்து மூடிக்கொண்டார். சேவுகப்பெருமாளுக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

அங்குராசு தவழ்ந்து அவர் பக்கத்தில் வந்தான். "மொதலாளி, இம்புட்டு விழுந்தும் அவுராத முடிச்சு அது ஒண்ணுதான். மாப்பிள்ளையை நம்ம குழுவுல சேத்துக்கிடுவோம்."

"சேத்துக்கங்கடா!" என்றார் அவர், இருந்த மகிழ்ச்சியில்.

சாயங்காலம் மணமக்கள் ஊருக்குக் கிளம்பிய காரில், பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே நாலு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். குழுவில் சேர்ந்தவனைத் தனியாக விட முடியுமா?