ஒற்றைச் சக்கரத்திலிருந்து விழுந்த பெருமைகள்

திருமலைச்சாமி தன் ஒற்றைச் சக்கர சைக்கிளில் இருந்து ஒருமுறைகூட விழுந்ததில்லை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வேறு யாரும் சொன்னதில்லை.

கோயம்புத்தூரில் ஒற்றைச் சக்கரம் ஓட்டுகிறவர்கள் கூடி ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு விழா ஊர்வலத்தில் சங்கமும் போகிறது. கொடி பிடித்து முன்னால் ஓட்டப்போவது யார் என்று தலைவி வஞ்சிக்கொடி இன்னும் சொல்லவில்லை. திருமலைச்சாமி சொல்லிவிட்டார், தன் மாமனார் வீட்டில். அவர்கள் பார்க்க வருவதற்குப் பொள்ளாச்சியில் வேனும் பேசியாகிவிட்டது. ஆகவே கொடி அவர் கைக்கு வந்தே தீர வேண்டும்.

அந்த நிலையில்தான் சங்கத்துக்குப் பாதுகாப்புச் சாமான் வாங்க அவரும் வஞ்சிக்கொடியும் காந்திபுரத்துக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் சாதிக் ஹெல்மெட், முழங்கால் பட்டை, மணிக்கட்டுக் காப்பு என்று மேஜையில் பரப்பினார்.

"எனக்கெதுக்கு அம்மிணி இதெல்லாம்? நான்தான் விழுந்ததே இல்லையே!"

"அதுவும் சரிதானுங்கண்ணா" என்றாள் வஞ்சிக்கொடி. "எது காப்பாத்தும்னு விழுந்தவங்களுக்குத்தானே தெரியும்? நல்லாப் பாத்து எடுக்கறவரே கொடி பிடிக்கட்டும்னு நெனச்சேன். வேற ஆளைக் கேக்கறேன்."

இத்தனை வருடம் கட்டிக் காத்த பெருமையைக் கைவிட ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது ஆராய்ச்சிக்குரியது. திருமலைச்சாமிக்கு ஒரு செருமல் நேரமே பிடித்தது.

"விழுந்ததில்லைன்னா, மத்தவங்க மாதிரி சாதாரணமா விழுந்ததில்லைன்னேன்" என்று மணிக்கட்டுக் காப்பை எடுத்தார். "மொதல்ல இது வேணும். விழறப்ப கைதானே முன்னால போகும்? மருதமலை எறக்கத்துல ஒருக்கா விழுந்தேன். ரெண்டு கையையும் ஊனினேன் பாருங்க, வழுக்கிட்டே வடவள்ளி பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டேன். சனமெல்லாம் வேண்டுதல்னு நெனச்சு எனக்கு வழி விட்டுருச்சு. இது மட்டும் இல்லீன்னா கைரேகையே தேஞ்சிருக்கும். ரேஷன் கடையில வெரல் வெச்சா, யாருடா நீன்னு மெஷின் கேட்டிருக்கும்."

உண்மையில் மணிக்கட்டுக் காப்பு முதலில் வேண்டும் என்பது சரியான ஆலோசனை. அதோடு நிறுத்தியிருந்தால் கொடி கிடைத்திருக்கலாம். ஆனால் சாதிக் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அப்படி ஒரு வாய் எதிரே இருக்கும்போது நிறுத்துவது திருமலைச்சாமிக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

"அப்புறம் முழங்காலுக்குக் கீழ முன்னெலும்புக்குப் பட்டை. கால் நழுவுனா பெடல் திரும்பி வந்து அங்கதான் அடிக்கும். எனக்கு அடிச்சப்ப பட்டை போட்டிருந்தேன். அடிச்ச பெடல்தான் பயந்து ஓடுச்சு. சக்கரம் தனியாப் போயி கேரளா பார்டர்ல, வாளையார் செக்போஸ்ட்டுல நின்னுச்சு. ஓட்டுநர் எங்கேன்னு கேட்டாங்களாம்."

"யாருகிட்டங்கண்ணா கேட்டாங்க?"

"சக்கரத்துகிட்டத்தான். அதுக்கு மலையாளம் வராது, திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஹெல்மெட்டு?" என்றார் சாதிக், அடக்க முடியாமல்.

"ஆடி மாசம், பாலக்காட்டுக் காத்து. சக்கரத்தோட என்னையத் தூக்கிட்டுப் போயிருச்சு. மேலே போனது கூடத் தெரியல. எறங்குறதுதான் ஆகவே மாட்டேங்குது. பாதி வழியில தலை வேர்த்து, ஹெல்மெட்டைக் கழட்டித் தொடச்சு, மறுபடியும் மாட்டிக்கிட்டேன். நேரா நொய்யல் ஆத்து மணல்ல தலை குத்துச்சு. அத்தனை போர் போட்டும் வராத தண்ணி, பீச்சிட்டு வந்துச்சுங்க!"

"எந்த வருசம்?" என்றாள் வஞ்சிக்கொடி.

"நொய்யல்ல தண்ணி வந்த வருசந்தான்."

அவள் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் ஒருக்கா மாட்டிக் காட்டுங்கண்ணா. அளவு பாத்துக்கலாம்."

திருமலைச்சாமி மாட்டினார். கண்ணாடியில் பார்த்தபோது, வேனிலிருந்து இறங்கும் மாமனாரின் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"மணிக்கட்டுக் காப்பு திரும்பியிருக்குதுங்க. அந்த பிளாஸ்டிக் தட்டு உள்ளங்கைப் பக்கம் வரணும்" என்றாள் வஞ்சிக்கொடி.

"எனக்குப் புறங்கைதான் மொதல்ல தரையில படும்."

"இப்பத்தான் உள்ளங்கையில வழுக்கிட்டு வந்தீங்க?"

"அது மலை எறக்கம், அம்மிணி. சமதளத்துக்குப் புறங்கை."

"அப்ப இங்க விரிச்சிருக்கற இந்தப் பாய்மேல ஒருக்கா விழுந்து காட்டுங்க. நாங்களும் கத்துக்கறோம்."

திருமலைச்சாமி பாயைப் பார்த்தார். அது ஒரு அங்குல கனம் இருக்கும். தரை வெகு அருகில், வெகு கடினமாக இருந்தது. ஆனால் நாக்கு அவரைக் கைவிட்டதில்லை.

"இத்தனையும் போட்டுட்டு நான் விழுந்தா எனக்கொண்ணும் ஆகாது. தரைதான் தாங்காது. மொதல்ல அதுக்கு ஒரு கவசம் வாங்குங்க, அப்புறம் விழறேன்."

சாதிக் கைதட்டியே விட்டார். வஞ்சிக்கொடி, வாங்க வேண்டியவற்றைத் தனியாக ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அப்படீன்னா வேண்டாங்கண்ணா. ஊர்வலம் போற ரோடு போன வாரந்தான் புதுசாப் போட்டது. நீங்க நடந்தே வந்துருங்க. அதுவும் ஓரமா."