கத்தாத சிள்வண்டு

பனி இறங்கும் ஒரு மலைக்காட்டில், பகலில் தூங்கி இரவில் இரை தேடும் விலங்குகள் சில பாறைச் சரிவில் வளை தோண்டிக் குடியிருந்தன. குளிருக்காக ஒவ்வொரு வளையிலும் ஒரு மூலையில் தணல் கிடக்கும். பக்கத்திலேயே காய்ந்த புல்லில் படுக்கை இருக்கும்.

தணலும் புல்லும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த விலங்குகளுக்கும் தெரியும். அதனால் சுரைக்குடுக்கையில் ஓட்டைகள் போட்டு, அதற்குள் ஒரு சிள்வண்டை வைத்து, வளையின் கூரையில் தொங்கவிட்டிருந்தன. புகை மேலே எழுந்து குடுக்கைக்குள் நுழைந்தால் சிள்வண்டு காது கிழியக் கத்தும். தூங்குகிறவர்கள் எழுந்து ஓடிவிடலாம். அதற்குத் தர வேண்டியது தினம் ஒரு பச்சைத் தளிர்தான்.

மொத்தையன் என்னும் முள்ளம்பன்றிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அது சுகவாசி. தணலில் கிழங்கு சுட்டால் சிள்வண்டு கத்தியது. தளிர் வைக்க மறந்தால் பசியில் 'டிக், டிக்' என்று முனகியது.

"வாயை மூடு! இது தீ இல்லை, கிழங்கு!" என்று மொத்தையன் குடுக்கையைப் பார்த்துச் சத்தம் போடும்.

ஒருநாள் பக்கத்து வளை மரநாய் மணத்தான் வந்தது. தன்னிடம் இருப்பது எதுவானாலும் அதைப் பற்றிப் பெருமை பேசுவது அதன் வழக்கம்.

"எங்கள் வீட்டுச் சிள்வண்டைப் பாருங்கள் அண்ணே! மாதக்கணக்கில் ஒரு சத்தம் கிடையாது. தளிர்கூடக் கேட்பதில்லை. அவ்வளவு அடக்கம்!"

மொத்தையனுக்கு ஆசை வந்துவிட்டது. "தம்பி, மாற்றிக்கொள்வோமா?"

"மாற்றலாம். ஒரு கூடைக் கிழங்கும் சேர்த்துக் கொடுத்தால்."

"உன் காதுக்குத் தொந்தரவாக இருக்காதா?"

"நான் இலவம்பஞ்சை அடைத்துக்கொள்வேன். நீங்கள் கிழங்கை எடுங்கள்."

குடுக்கைகள் வீடு மாறின.

விடியற்காலையில் இரை தேடித் திரும்பிய கூரி மேலே பார்த்தது. கூரி, மொத்தையனின் மனைவி. ஒன்றைப் பிடித்தால் விடாது.

"என்னங்க, இது நம் குடுக்கை இல்லையே?"

"மணத்தான் கொடுத்தது. கத்தாத வண்டு. இனி நிம்மதியாகத் தூங்கலாம்."

"கத்தாத வண்டு நமக்கு எதற்கு? இருங்கள், புகை காட்டிப் பார்க்கிறேன்."

"சும்மா இரு! பக்கத்து வீட்டுக்காரன் ஆசையாகக் கொடுத்ததைச் சோதித்துப் பார்ப்பது மரியாதையா? நாளைக்கு அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

சொல்லிவிட்டு மொத்தையன் படுத்தது. குட்டி சுணை ஏற்கெனவே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கூரிக்குத் தூக்கம் வரவில்லை. வெயில் ஏறும்வரை குடுக்கையையே பார்த்துக்கொண்டு கிடந்தது. பிறகு எழுந்து, ஒரு பச்சை இலையைத் தணலில் வாட்டிக் குடுக்கைக்குக் கீழே பிடித்தது. புகை மேலே போயிற்று. சத்தம் இல்லை.

குடுக்கையை இறக்கிக் குலுக்கியது. உள்ளே ஏதோ கலகலத்தது. திறந்து பார்த்தால் வெறும் கூடு. சிள்வண்டு எப்போதோ செத்துக் காய்ந்து போயிருந்தது.

கூரி புருஷனை உலுக்கியது. "எழுந்திருங்கள். வண்டு செத்துக் கிடக்கிறது."

"நாளைக்குப் பார்க்கலாம்" என்று மொத்தையன் புரண்டு படுத்தது.

"நாளைக்கு இல்லை. இப்போதே போய் நம் வண்டை வாங்கி வருகிறேன்."

கூரி விறுவிறுவென்று வெளியேறியது. புரண்டு படுத்த மொத்தையனின் முட்கள் ஒரு கற்றைப் புல்லைத் தணலின் பக்கம் தள்ளியிருந்தன. அதை யாரும் பார்க்கவில்லை.

மணத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கூரி அதன் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கியது.

"என் வண்டைக் கொடு."

"அண்ணி! இது என்ன உச்சிவேளையில்? பொழுது சாய்ந்ததும் வாருங்கள்."

"இப்போதே கொடு."

"கிழங்கைத் தின்றாகிவிட்டதே!"

"கிழங்கு உனக்கே இருக்கட்டும். வண்டைக் கொடு."

"அண்ணன் பேசி முடித்த பேச்சு. திருப்பிக் கேட்பது நன்றாகவா இருக்கிறது?"

கூரி வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. முட்களைச் சிலிர்த்தது. "கொடுக்கும்வரை நான் நகரமாட்டேன். நீ எப்படி வெளியே போகிறாய் என்று பார்க்கிறேன்."

மணத்தான் வாயைத் திறப்பதற்குள், கூரையிலிருந்த சிள்வண்டு வீறிட்டுக் கத்தியது.

"கேட்டீர்களா? ஒன்றுமே இல்லாததற்குக் கத்துகிறது. இதற்காகவா இத்தனை சண்டை?"

"அது ஒன்றுமில்லாமல் கத்தாது. உன் தணல் எங்கே?"

"காலையிலேயே அவிந்துவிட்டது. அதோ, வெறும் சாம்பல்."

கூரி மூக்கைத் தூக்கி மோந்தது. இரண்டு வளைகளுக்கும் நடுவே இருந்த மண்சுவரில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து நூல் போலப் புகை வந்துகொண்டிருந்தது.

"ஐயோ, என் பிள்ளை!"

கூரி ஓடியது. மணத்தானும் பின்னாலேயே ஓடியது.

வளைக்குள் புகை மண்டிக் கிடந்தது. படுக்கையின் ஓரம் எரிந்துகொண்டிருந்தது. கூரி வயிறு தரையில் உரசத் தவழ்ந்து போய், சுணையின் பிடரியைக் கவ்வி இழுத்து வந்தது.

"பிடித்துக்கொள்!" என்று குட்டியை மணத்தானிடம் தள்ளிவிட்டு மறுபடியும் உள்ளே நுழைந்தது.

மொத்தையன் எழவில்லை. புகை அதன் தூக்கத்தை இன்னும் கனக்கச் செய்திருந்தது. கூரி கூப்பிட்டுப் பார்த்தது. மூக்கால் முட்டிப் பார்த்தது. அசைவில்லை. கடைசியில் முதுகைத் திருப்பி, முட்களை நிமிர்த்தி, பலங்கொண்ட மட்டும் பின்னோக்கிப் பாய்ந்தது.

"அம்மா!" என்று அலறிக்கொண்டு மொத்தையன் வெளியே வந்து விழுந்தது. கூரியும் பின்னாலேயே வந்தது. மணத்தான் மண்ணைப் பறித்துத் தள்ளி வளையின் வாயை அடைத்தது. உள்ளே தீ அவிந்தது.

சுணை அசையாமல் கிடந்தது. கூரி அதன் முகத்தை நக்கிக்கொண்டே இருந்தது. நல்ல வேளை, குட்டி ஒரு தும்மல் தும்மிக் கண்ணைத் திறந்தது.

மொத்தையன் இருமிக்கொண்டே சொன்னது: "அந்த வண்டு கத்தவே இல்லையே!"

"செத்த வண்டு எப்படிக் கத்தும்?"

மணத்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "அடக்கமான வண்டு என்று காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே! இத்தனை நாளும் எங்கள் வீட்டிலும் காவலே இல்லையா?" என்றது. பிறகு தானே போய்க் கூரியின் குடுக்கையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, புதிய சிள்வண்டு தேடிப் புதர்ப்பக்கம் போயிற்று.

அன்று மாலையே முள்ளம்பன்றிகள் வேறு வளை தோண்டின. படுக்கைக்குப் புல் சேர்ப்பதற்கு முன்பே, கூரி குடுக்கையைக் கூரையில் கட்டியது. தளிர் வைத்தது. பிறகு ஒரு பச்சை இலையை வாட்டிப் புகை காட்டியது.

சிள்வண்டு வீறிட்டது. மொத்தையனின் கைகள் காதைப் பொத்தப் போயின. பாதி வழியில் நின்றன. மெல்லக் கீழே இறங்கின.

"கூரி, இன்னொரு முறை காட்டு" என்றது மொத்தையன்.

நீதி: காவல் சத்தமில்லாமல் இருக்கிறது என்பதற்காக அது நலமாக இருக்கிறது என்று நம்பிவிடாதே, அடிக்கடி சோதித்துப் பார்.